நவுவா பாப்பம்மாவின் கை

பொன்சாமியிடம் ஒரு சேதியைச் சொல்வதும், காசு கட்டி ரேடியோவில் அறிவிப்பதும் ஒன்றுதான் என்பார்கள் பிஜித் தீவின் வோட்டுவாலேவு ஊர்க்காரர்கள். ரேடியோவாவது இடையில் ஒரு பாட்டைப் போட்டு மூச்சு விடும். பொன்சாமிக்கு அந்த வழக்கமும் கிடையாது.

காருக்கு ஒடுக்கு எடுப்பது அவர் தொழில். வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகை. நாடி விமான நிலையம் பக்கத்திலேயே இருந்ததால் வேலைக்குப் பஞ்சமில்லை. வந்து இறங்கும் வெள்ளைக்காரர்கள் வாடகைக்குக் கார் எடுப்பார்கள். கடலைப் பார்த்துக்கொண்டே ஓட்டி மாட்டின் மேல் விடுவார்கள். மாட்டைப் பார்த்தால் தென்னை மரத்தின் மேல் விடுவார்கள். "மாட்டுக்கும் ஒண்ணும் ஆவறதில்ல, மனுசனுக்கும் ஒண்ணும் ஆவறதில்ல. காருக்குத்தான் விதி" என்று சொல்லிக்கொண்டே பொன்சாமி சுத்தியலை எடுப்பார். ஒடுங்கின தகட்டை உள்ளிருந்து தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். கண் ஏமாறும், கை ஏமாறாது என்பது அவர் கட்சி.

இரண்டாயிரமாவது வருஷம் மே மாதம், இந்தியர் பிரதமரானது பொறுக்காத கூட்டம் ஒன்று தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு போய்ப் பார்லிமெண்டைப் பிடித்தது. அடுத்த வாரத்தில் விமானங்கள் காலியாக வந்து நிரம்பிப் போக ஆரம்பித்தன. வெள்ளைக்காரர்கள் இல்லை, வாடகைக் கார் இல்லை, ஒடுக்கும் இல்லை. மாடுகள் மட்டும் நிம்மதியாக ரோட்டைக் கடந்தன. பொன்சாமியின் மனைவி ப்ரேமிலா ஓட்டல் ஒன்றின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்துவந்தாள். "கூப்பிடும்போது வாங்க" என்று அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ப்ரேமிலாவின் தங்கை உர்மிளா எண்பத்தேழு ராணுவக் கலவரத்திலேயே சிட்னிக்குப் போனவள். அங்கே நகம் போடும் கடை வைத்திருந்தாள். நகம் போடுவது என்றால் சாயம் பூசுவது மட்டுமில்லை. பவுடரையும் ஒரு திரவத்தையும் குழைத்து, இருக்கிற நகத்தின் மேல் புது நகமே கட்டி நீட்டுவது. அவள் போன் செய்தாள்.

"அக்கா, நீ இதைக் கத்துக்கோ. கை பழகிடுச்சுன்னா கடை பேர்ல பேப்பர் போட்டு உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுக்கறேன். சும்மா உக்காந்து ரேடியோ கேட்டு அழாதே."

கப்பலில் ஒரு பெட்டி வந்தது. பவுடர் டப்பாக்கள், மூக்கைத் துளைக்கும் வாசனையோடு ஒரு புட்டி, பிரஷ், அரம், நகத்துக்கு அடியில் அண்டக் கொடுக்கும் காகித அச்சுகள், எப்படிச் செய்வது என்று காட்டும் வீடியோ கேசட், பழகிப் பார்க்க ஒரு ரப்பர் கை. பொன்சாமி அந்த ரப்பர் கையைப் பிடித்துக் குலுக்கி, "பூலா சார், நாடிக்கு நல்வரவு! கார் வேணுங்களா?" என்றார். ப்ரேமிலா சிரிக்கவில்லை.

கேசட்டில் அது பச்சைக் குழந்தை வேலையாகத் தெரிந்தது. திரவத்தில் பிரஷை முக்கி, பவுடரில் நுனியைத் தொட்டால் முத்து போல ஒரு உருண்டை ஒட்டிக்கொண்டு வரும். அதை நகத்தில் வைத்து அமுக்கினால் நகம். ப்ரேமிலா தொட்டால் முத்து வரவில்லை. ஒரு சமயம் கஞ்சி வந்தது. அது விரல் இடுக்கெல்லாம் ஓடித் தோலில் ஒட்டியது. இன்னொரு சமயம் ரவை வந்தது. அது வைக்கும்போதே உதிர்ந்தது.

பக்கத்து வீட்டு ஷீத்தல் பாங்கில் வேலை பார்க்கிறவள், பிரிஸ்பேன் மாப்பிள்ளைக்கு நிச்சயமானவள். கல்யாண ஆசையில் பத்து விரலையும் தைரியமாக நீட்டினாள். ப்ரேமிலா மூன்று மணி நேரம் போராடி, பத்துக்கும் ரோஜா நிறத்தில் நகம் கட்டிவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை ஷீத்தல் வீட்டில் முருகனுக்குப் பூசை. பாயசம் கிண்டியது ஷீத்தல். முதல் கிண்ணம் பஜனை மண்டலித் தலைவர் அப்பலசாமிக்குப் போனது. இரண்டு வாய் குடித்தவர், மூன்றாவது வாயில் கடக்கென்று கடித்தார். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன ஜாதி முந்திரி?"

ஷீத்தல் கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள். பொன்சாமிக்கு முந்திரி இன்னதென்று பார்த்ததும் தெரிந்தது. அவருக்குத் தெரிந்தபின் ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? ஆரத்தி முடிவதற்குள் வாசலில் செருப்புப் போடுகிறவர்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ப்ரேமிலா இரண்டு நாள் புருஷனோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவள் ரப்பர் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொன்சாமி வாசற்படியில் நின்று பார்த்தார். முத்து ஓடியது. துடைத்தாள். மறுபடி ஓடியது. அவரால் பொறுக்க முடியவில்லை.

"தண்ணி ஜாஸ்தி."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"பட்டி குழைக்கிற எனக்குத் தெரியாதா? கலவை ஊருக்கு ஊர் மாறும். உன் தங்கச்சி கேசட்டு குளிர்ல எடுத்தது. நாடி வெயில்ல சட்டுனு இறுகிப்போவும். இறுகிப்போவுதேன்னு நீ தண்ணியைக் கூட்டறே, அது ஓடுது. பிரஷை வழிச்சிட்டு, சின்ன உருண்டையா எடு. வேகமா வை."

"நீங்களே எடுங்க பாப்போம்." அவள் பிரஷை நீட்டினாள்.

பட்டித் தகடு பிடித்த கைக்கு அந்த பிரஷ் தீக்குச்சி மாதிரி இருந்தது. முதல் உருண்டை கஞ்சி. இரண்டாவது ரவை. நாலாவது, பிரஷ் நுனியில் பனித்துளி போல நின்றது. ரப்பர் விரலில் வைத்தார், அசையாமல் உட்கார்ந்தது. ப்ரேமிலா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வாயில் வார்த்தையே இல்லை. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து காலைச் சோறு முடிந்ததும் இரண்டு பேரும் ரப்பர் கைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பொன்சாமிக்குச் சில விஷயங்கள் தொழிலோடு வந்தவை. ஷீத்தலின் நகம் ஏன் பாயசத்தில் விழுந்தது என்று அவர் உடனே சொன்னார். "துருவைத் தேய்க்காம பட்டி பூசினா நிக்குமா? நகத்துமேல கண்ணுக்குத் தெரியாம தோல் ஒட்டிக்கிட்டிருக்கு பாரு. அதைச் சுரண்டி, பளபளப்பைத் தேய்ச்சு எடுத்துட்டுத்தான் பூசணும்." நகத்தின் மேடும் அப்படித்தான். ப்ரேமிலா தட்டையாகப் பூசினாள். அவை உளுந்து அப்பளம் போல முறிந்தன. கார் கூரை தட்டையாக இருந்தால் கை வைத்ததும் தொங்கும், லேசாக வளைவு இருந்தால் ஆள் ஏறி நிற்கலாம் என்பது பொன்சாமிக்குத் தெரியும். அடியில் மெலிசு, நடுவில் மேடு, நுனியில் மெலிசு. பக்கவாட்டில் பார்த்தால் மேடு தெரியவேண்டும், மேலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது. இதற்கு மட்டும் அவருக்கே மூன்று வாரம் ஆனது. காரில் ஒரு சாண் அகலத்தில் காட்டுகிற வித்தையை இங்கே அரிசி நீளத்தில் காட்டவேண்டியிருந்தது.

ஆனால் தகடு கத்தாது. விரல் கத்தும். ரப்பர் கையை விட்டு ப்ரேமிலாவின் கைக்கு வந்த முதல் நாள், பொன்சாமி அரத்தை எடுத்து, கார்க் கதவைத் தேய்க்கிற மாதிரி நாலு இழுப்பு இழுத்தார்.

"ஐயோ, சுடுது! நெருப்பு வைக்கிறீங்களா?"

"பொறு, இன்னும் ரெண்டு இழுப்பு."

அவள் எழுந்து, அதே அரத்தை அவர் கட்டை விரலில் வைத்து ஆறு இழுப்பு இழுத்தாள். பொன்சாமி துள்ளிக் குதித்துத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார். ஒரே இடத்தில் தேய்த்தால் சூடு ஏறும் என்பதை அவர் அதற்குப் பிறகு மறக்கவேயில்லை. கையை லேசாக வைப்பதுதான் அவருக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. இருபது வருஷம் சுத்தியல் அடித்த கை. நாலு மாதம் ஆனது, அரம் பட்டும் படாமல் போக. அதற்குள் ப்ரேமிலாவின் நகங்கள் எத்தனையோ தடவை வளர்ந்து முறிந்து ஊறிக் கழன்று மறுபடி வளர்ந்தன.

ப்ரேமிலாவின் கை முத்துக்குப் பழகவேயில்லை. ஆனால் தோல் ஒதுக்குவதிலும், சாயம் பூசுவதிலும், வந்தவர்களை உட்கார வைத்துப் பேசுவதிலும் அவளுக்கு நிகர் கிடையாது. அவளுடைய பத்து விரலைப் பார்த்து ஊர்ப் பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அது எல்லாரும் நாட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம். வாராவாரம் யாருக்காவது வழியனுப்பு விருந்து. போகிற பெண்கள் எல்லாருக்கும் விமானம் ஏறும்போது கை நன்றாக இருக்கவேண்டும்.

முதலில் வந்தது ஷிவானி டீச்சர், வான்கூவருக்குப் போகிறவள். "யார் போடறது, நீங்களா?" என்று கேட்டாள். ஒடுக்கு எடுக்கிற என் புருஷன் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்காருவார் என்று சொன்னால் அவள் புருஷன் கத்தியோடு வருவான். ப்ரேமிலா கண் இமைக்காமல் சொன்னாள்:

"எங்க பெரியம்மா மக. பாப்பம்மாக்கா. நவுவாவிலேர்ந்து வந்திருக்காங்க. ரொம்பக் கூச்சம். மூஞ்சியக் காட்ட மாட்டாங்க, பேசவும் மாட்டாங்க."

கூடத்தின் கதவுத் திரையில் மணிக்கட்டு உயரத்துக்கு ஓட்டை வெட்டப்பட்டது. மேசை பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். வந்தவர்கள் கையை உள்ளே நீட்டுவார்கள். உள்ளே பொன்சாமி, வாயில் துணி முகமூடி, கையில் ரப்பர் உறை. வளையல் சத்தம் கேட்காவிட்டால் சந்தேகம் வரும் என்று ப்ரேமிலா சோப்பு நுரை போட்டு இரண்டு பச்சை வளையல்களை அவர் கையில் ஏற்றிவிட்டாள்.

"கை ரொம்பப் பெரிசா இருக்கே" என்றாள் ஷிவானி.

"நெல்லு குத்தின கை" என்றாள் ப்ரேமிலா.

ஏறின வளையல் அன்றைக்கு இறங்க மறுத்தது. சாயங்காலம் மண்டலிக் கொட்டகையில் யங்கோனா என்னும் வேர்ப்பானம் குடிக்கப் பொன்சாமி வளையலோடு போனார். தேங்காய்ச் சிரட்டையை வாங்கக் கை நீட்டியதும் கலகலவென்றது. அப்பலசாமி அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார்.

"என்னடா இது?"

"வேண்டுதல்" என்றார் பொன்சாமி.

அது பொய் என்றாலும் தெய்வம் அவரைச் சோதிக்கவே செய்தது. திரைக்கு வெளியே உட்கார்ந்த பெண்கள், உள்ளே இருப்பது கூச்ச சுபாவமுள்ள நவுவாக்காரி என்று நம்பி, தமிழும் ஹிந்தியும் கலந்து மனதில் உள்ளதையெல்லாம் கொட்டினார்கள். யார் மாமியாருக்குத் தெரியாமல் பாஸ்போர்ட் எடுத்தது, யார் வீட்டு மாப்பிள்ளை ஆக்லாந்தில் டாக்டர் இல்லை, டாக்டருக்குக் கார் ஓட்டுகிறவன், எல்லாம் பொன்சாமியின் காதில் விழுந்தது. ஒன்றையும் வெளியே சொல்ல முடியாது. சொன்னால் எங்கே கேட்டாய் என்பார்கள். முத்து, மேடு, அரம் எல்லாவற்றையும் ஜெயித்த மனிதர் இதில் தோற்றுப்போய், ராத்திரிச் சோற்றுக்கு முன் மரவள்ளித் தோட்டத்துக்குள் போய் நின்று தனியாகப் பேசிவிட்டு வந்தார்.

அப்பலசாமியின் மனைவி ஆஷா டிசம்பரில் வந்தாள். அப்பலசாமியும் பொன்சாமியும் ஒன்றாகக் கரும்பு வெட்டி வளர்ந்தவர்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் பஜனை முடிந்ததும் எழுந்து பேசுவார்: "ஓடறவன் ஓடட்டும். நாம பொறந்த மண்ணு இது. கரும்பு மாதிரி வெட்டினா மறுபடி முளைக்கணும்." எண்பத்தேழில் பொன்சாமி கனடாவுக்குப் போக விண்ணப்பப் பாரம் நிரப்பி வைத்திருந்தார். இதே பேச்சைப் பேசி, அந்தக் காகிதத்தைக் கையிலிருந்து வாங்கிப் போனது அப்பலசாமிதான். "குப்பையில போட்டுடறேன், குடு."

ஆஷா கையை உள்ளே நீட்டினாள். ஒன்பது விரல் முடிந்து பத்தாவதில் முத்து வைக்கும்போது, வெளியே அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ப்ரேமிலா, உன்கிட்ட மட்டும் சொல்றேன். எங்களுக்குக் கனடா வந்திடுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு மறு ஞாயித்துக்கிழமை ஏறறோம்."

"அப்பலசாமியா! கனடாவுக்கா!"

சொன்னது ப்ரேமிலா இல்லை. நவுவா பாப்பம்மா, அடிவயிற்றிலிருந்து, ஆண் குரலில் சொன்னாள். சொன்ன வேகத்தில் எழுந்ததில் மேசை திரையை இழுத்தது; கம்பியோடு திரை கீழே விழுந்தது. பனியனும் முகமூடியும் பச்சை வளையலுமாகப் பொன்சாமி நின்றார். ஆஷா கத்துவதற்காக வாயைத் திறந்தாள், ஆனால் வந்தது வேறு.

"பொன்சாமி அண்ணே? இவ்வளவு நேரம் என் கையைப் பிடிச்சிருந்தது நீங்களா?"

"கையை இல்ல தாயி, நகத்தைத்தான்."

ப்ரேமிலா முகத்தை மூடிக்கொண்டாள். பொன்சாமிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. "எண்பத்தேழுல என் பாரத்தை வாங்கிக் குப்பையில போட்டவன் உன் புருசன். மண்ணு, கரும்புன்னு பேசினவன். இன்னிக்கு அவன் ஏறறானா?"

ஆஷா தலையைக் குனிந்தாள். "குப்பையில போடல அண்ணே."

"பின்ன?"

"வீட்டுக்குக் கொண்டு வந்தாரு. எப்படி எழுதறதுன்னு தெரியாம, உங்களுதைப் பார்த்துத்தான் எங்களுதை எழுதினோம். அப்பக் கெடைக்கல. இப்பத்தான் கெடைச்சுது."

பொன்சாமி நாற்காலியில் உட்கார்ந்தார். ஆஷாவின் கண் நிறைந்தது. "பேப்பர் வந்ததிலேர்ந்து அவருக்குத் தூக்கமில்ல. பொன்சாமி கிட்ட எப்படிச் சொல்லுவேன்னு புலம்பறாரு. அவரே சொல்லட்டும் அண்ணே. நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க. நானும் இந்த வளையலைப் பத்தி மூச்சு விடமாட்டேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆஷா பத்தாவது விரலைப் பார்த்தாள்.

"இதை யாரு முடிக்கிறது?"

பொன்சாமி பிரஷை எடுத்தார். நினைப்பைக் கனடாவில் வைத்துக்கொண்டு முத்தை அமுக்கினார். ஆஷா நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கோணலா இருக்கு" என்றாள். அவருக்கு வந்த கோபத்தில் அதை ஊற வைத்துக் கழற்றி, மறுபடி முதலிலிருந்து கட்டினார். ஒடுக்கு எடுத்தவர் வேலையில் கோணல் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

அடுத்த ஒன்பது நாள் ஊர் பயந்துபோனது. பொன்சாமி பேசவில்லை. பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று அவருக்கே தெரியாததால் வாயைத் திறக்காமலே இருந்தார். மண்டலிக்கார ஏழுமலையின் பெண்சாதி பொன்னம்மா கஷாயம் வைத்துக்கொண்டு வந்தாள். மண்டலியில் அவருக்காகத் தனியாக ஒரு பாட்டுப் பாடினார்கள். அப்பலசாமி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் இல்லியே" என்றபோது, பொன்சாமி பல்லைக் கடித்த சத்தம் பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்டதாம்.

கடைசி வெள்ளிக்கிழமை, பஜனை முடிந்து அப்பலசாமி வழக்கம்போல எழுந்தார். "பொறந்த மண்ணு..." என்று ஆரம்பித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விமானம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாத் தலையும் பொன்சாமி பக்கம் திரும்பியது.

"உனக்குத் தெரியுமாடா?" என்றார் ஏழுமலை.

"தெரியும்."

"சும்மா இரு. உனக்குத் தெரிஞ்சிருந்தா எங்களுக்கு எப்படித் தெரியாமப் போவும்?"

அவர் எவ்வளவு சத்தியம் செய்தும் ஒருவரும் நம்பவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ரகசியத்தைக் காப்பாற்றியதற்குக் கிடைத்த மரியாதை அது.

விமான நிலையத்தில் அப்பலசாமி அவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார். "தம்பி, எண்பத்தேழுல அந்தப் பாரம்..."

"அதைப் பார்த்தா எழுதினே?" என்றார் பொன்சாமி. "அதுல நான் பொறந்த வருசத்தையே தப்பா எழுதியிருந்தேன்டா. அதனாலதான் உனக்கு அப்பக் கெடைக்கல."

அப்பலசாமி சிரித்தார், பிறகு பொன்சாமியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். பொன்சாமியும் அழுதார். அந்தப் பக்கம் ஆஷா, வழியனுப்ப வந்த பெண்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு, தன் பத்து விரலையும் விரித்துக் காட்டி, குனிந்து என்னவோ சொன்னாள். எல்லாப் பெண்களும் ஒரே சமயத்தில் திரும்பிப் பொன்சாமியைப் பார்த்தார்கள். வாக்குக் கொடுத்தவள், விமானம் ஏறும்வரை கூடப் பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை. ப்ரேமிலா திரையைத் துவைத்துக் காயப் போட்டு, இனி வீட்டைவிட்டு எப்படி வெளியே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை மூன்று பேர் வந்தார்கள். ஷீத்தல் முன்னால் நின்றாள். "திரை வேணாம் மாமா, புழுக்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். "பாயசத்துல விழாம போடுங்க." ஒரு பெண்ணின் புருஷன் மட்டும் சண்டைக்கு வந்தான். வந்த வேகத்தில் வாசல் தூணில் காரை இடித்தான். அவன் கதவின் ஒடுக்கைப் பொன்சாமி எடுத்துக் கொடுத்தார். அவன் மனைவியின் நகமும் அன்றைக்கே முடிந்தது.

மறு வருஷம் உர்மிளா சிட்னியிலிருந்து வந்தாள். ப்ரேமிலா அனுப்பிய புகைப்படங்களைப் பார்த்து, "அந்தப் பாப்பம்மாவுக்குத்தான் நான் பேப்பர் போடுவேன். உன் கை வேணாம்" என்று போனில் சொல்லியிருந்தாள். அத்தானைக் காட்டியதும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனாலும் விடவில்லை, டிக்கெட் எடுத்து இரண்டு பேரையும் ஒரு மாதம் அழைத்துப் போனாள். பொன்சாமி அவள் கடையில் உட்கார்ந்து பார்த்தார். வரிசையாக ஒன்பது நாற்காலி. எல்லாரும் முகமூடி போட்டுக்கொண்டு குனிந்திருந்தார்கள். ஒருத்தியும் பேசவில்லை. பேசினால் வேலை கெடும் என்று உர்மிளாவே எழுதி ஒட்டியிருந்தாள். பதினேழாம் நாள் பொன்சாமி பெட்டியைக் கட்டினார்.

"ஏங்க, நல்லா யோசிச்சீங்களா?" என்றாள் ப்ரேமிலா.

"வாயை மூடிக்கிட்டு வேலை செய்யறதுக்கு ஊரு விட்டு ஊரு வரணுமா? நீ வேணா இரு."

அவள் இருக்கவில்லை.

வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள், மாடுகளும் தங்கள் பழைய ஆபத்துக்குத் திரும்பின. பொன்சாமி காலையில் நகமும் பிற்பகலில் காருமாகப் பிரித்துக்கொண்டார். இரண்டாயிரத்து ஆறு டிசம்பரில், ஆஷாவின் நாத்தனாருக்கு அவர் மேடு வைத்துக்கொண்டிருந்தபோது ரேடியோ பாட்டை நிறுத்தியது. ராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்துவிட்டது என்றார்கள். பொன்சாமி பிரஷைத் துடைத்தார். வெயிலில் நின்ற இரண்டு வாடகைக் கார்களைப் பார்த்தார்.

"ப்ரேமிலா, உன் தங்கச்சிக்குப் போன் போடு" என்றார். "பவுடர் ரெண்டு டப்பா கூட அனுப்பச் சொல்லு. இனிமே எல்லாரும் கெளம்புவாங்க."